மூடி இல்லாத அழகு

ஊர் சுற்றி வந்து வாசலில் நிறுத்திய பைக், சூடு தணியும்போது ‘டிக்... டிக்’ என்று முனகும். அதைக் கேட்கவே சாவியை எடுத்த பிறகும் இரண்டு நிமிடம் பக்கத்தில் நிற்பேன். காரில் எஞ்சினைப் பானெட்டுக்குள் ஒளித்துவிடுகிறார்கள். திறந்தாலும் பெரும்பாலும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான். பைக்குக்கு ஒளிய இடமில்லை. எஞ்சினைச் சுற்றிய மெல்லிய தகடுகள், சைலன்ஸரின் வளைவு, சட்டத்தில் வெல்டிங் ஓடிய தழும்பு எல்லாம் வெயிலும் மழையும் படக் கண்ணெதிரே நிற்கின்றன. ஒரு போல்ட் கோணலாக இருந்தால் டீக்கடையில் நிற்பவரே சொல்லிவிடுவார். இன்றைய நல்ல வண்டிகளில் அந்தத் தழும்பு, காசுகளை அடுக்கிச் சாய்த்தாற்போல் சீராக இருக்கிறது. விரலால் தடவிப் பார்க்கலாம் (ஆறிய பிறகு!).

புல்லட் டாங்கில் ஓடும் தங்கக் கோடு இன்றும் சென்னையில் கையால் இழுக்கப்படுவது. மூச்சை அடக்கி, பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. உற்றுப் பார்த்தால் வளைவில் மயிரிழை அளவு தடிக்கும். எனக்குப் பிடித்த இடமே அதுதான். உழைக்கும் ஆண்டுக் கணக்கில் கார் முந்தலாம், மறுக்கவில்லை. ஆனால் பைக் நம் கையை எதிர்பார்க்கிற ஜாதி. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.