சாலையைப் படித்தவர்

கார்ப் பந்தயத்தைப் பற்றிய ஒரு கட்டுரையை இலக்கியம் என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. டெனிஸ் ஜென்கின்ஸன் என்ற ஆங்கிலேயர் 1955 ஜூன் மாத 'மோட்டார் ஸ்போர்ட்' பத்திரிகையில் எழுதிய 'மில்லே மில்யாவில் மாஸுடன்' என்ற கட்டுரை, நல்ல நாவல்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது என்பது என் அபிப்பிராயம்.

விஷயம் இதுதான். இத்தாலியில் பிரெஷியாவிலிருந்து ரோம் வரை போய்த் திரும்பும் பந்தயம். சுமார் 1,600 கிலோமீட்டர்; அத்தனையும் ஜனங்கள் நடமாடும் பொதுச் சாலை. அந்த வருஷம் மே 1-ம் தேதி ஸ்டர்லிங் மாஸ் ஒரு மெர்ஸிடிஸ் காரை ஓட்டினார், பக்கத்தில் ஜென்கின்ஸன். இருவரும் முன்கூட்டியே அந்த வழியில் போய், வளைவு, மேடு, ரயில்வே கேட் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரே காகிதச் சுருள். அதைப் பெட்டிக்குள் உருளைகளில் சுற்றிவைத்தார்கள். எஞ்சின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. ஜென்கின்ஸன் சுருளைப் படித்துக் கைஜாடை காட்டினார். அதை நம்பி மாஸ் ஓட்டினார். 10 மணி 7 நிமிஷம் 48 விநாடியில் திரும்பி வந்து ஜயித்தார்கள். தனியாக ஓட்டி இரண்டாவதாக வந்த ஃபாஞ்சியோ அரை மணிக்கு மேல் பின்தங்கியிருந்தார்.

கட்டுரையில் அலங்காரம் கிடையாது. வயிறு குமட்டியதையும், மூக்குக் கண்ணாடி காற்றோடு போனதையும், கையோடு வைத்திருந்த வேறொன்றை மாட்டிக்கொண்டதையும் வீரம் பேசாமல் சொல்லிவிட்டு மேலே போகிறார். இந்த அடக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். சுருளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மேட்டுக்கு அப்பால் சாலை நேராகப் போகிறது என்று எழுதிவிட்டு, அது திரும்பியிருந்தால் எழுதியவரும் படித்தவரும் சேர்ந்து சாவார்கள். நாவலாசிரியர்களான எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. அதனால்தான் இத்தனை சொற்களை இறைக்கிறோம்.

1973-ல் தொடங்கிய உலக ராலிப் போட்டிகளிலும் இந்த முறையே இலக்கணமாகிவிட்டது. இன்று ஜாடைக்குப் பதில் காதோடு பொருத்திய ஒலிக்கருவி. வளைவின் திசை, கடுமை, அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர்: மூன்று நான்கு சொற்களில் சகஓட்டி சாலையைச் சொல்லிவிடுகிறார்.

ஆனால் இந்த எழுத்துக்கு ஒரு குறையும் உண்டு. நேற்று இருந்து இன்றும் இருப்பதைத்தான் சுருளில் எழுத முடியும். பாலம் நகராது, பாதையோரத்தில் நிற்கும் குழந்தை நகரும். 1957-ல் அதே மில்லே மில்யாவில், குயிதித்ஸோலோவுக்கு அருகில் டி போர்தாகோவின் ஃபெராரி டயர் வெடித்துக் கூட்டத்தில் பாய்ந்தது. அவரும் கூட வந்த நெல்ஸனும் இறந்தார்கள். வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். பந்தயம் பழைய உருவில் நடப்பது அதோடு நின்றது.

பாடம் அதோடு முடியவில்லை. 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில், ஸிந்த்ரா அருகே ஒரு கார் கூட்டத்தில் புகுந்து மூவர் இறந்தார்கள். முன்னணி ஓட்டிகள் மேற்கொண்டு ஓட மறுத்தார்கள். மே மாதம் கோர்ஸிகாவில் டோய்வோனனும் சகஓட்டி கிரெஸ்டோவும் மாண்டார்கள். அதன்பிறகே அசுர சக்தி கொண்ட 'குரூப் பி' கார்களை 1987 முதல் உலகப் போட்டியிலிருந்து விலக்கினார்கள்.

இதற்காக ஜென்கின்ஸனைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. தம் கண்ணுக்குப் பட்டதை அவர் நேர்மையாக எழுதினார். அவர் கட்டுரையை வாசகர்கள் படிக்க வேண்டும்; வேகத்தில் மனம் கிறங்கவும் வேண்டும். ஆனால் படித்து முடித்தபின், அந்த ஐந்து மீட்டர்க் காகிதத்தில் இடம் பெறாதவர்களையும் சற்று நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.