வைஃபை ஸ்கேன்: பொருளைக் கணக்கெடுக்கலாம், ஆளை அல்ல

வீட்டு வைஃபையில் என்னென்ன இணைந்திருக்கின்றன என்று அவ்வப்போது ஸ்கேன் செய்து பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பட்டியலால் சொல்ல முடிந்ததை விட்டுவிட்டு, சொல்ல முடியாததையே பலரும் அதனிடம் எதிர்பார்க்கிறார்கள். கேமரா, டிவி, பிரிண்டர் போல ஓரிடத்தில் கிடக்கும் பொருள்களைக் கணக்கெடுக்க ஸ்கேன் உதவும். ஆட்களை அடையாளம் காணவோ பின்தொடரவோ அது உதவாது, உதவினாலும் அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதே என் கட்சி.

முதலில் அதன் பலம். ஒரே நெட்வொர்க்கில் இரு கருவிகள் பேசிக்கொள்ள, ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரி, அதாவது கருவியின் வன்பொருள் முகவரி, தெரிய வேண்டும். அதைக் கேட்டறியும் ஏஆர்பி முறை 1982இல் வகுக்கப்பட்டது. ஃபயர்வால் காரணமாகப் ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் பிங்குக்குப் பதில் தராத கணினிகூட ஏஆர்பிக்குப் பதில் சொல்லும். இல்லாவிட்டால் ரவுட்டரிடமிருந்தே அதற்குத் தகவல் வந்து சேராது. அதனால்தான் என்மேப் போன்ற ஸ்கேன் கருவிகள் வீட்டுக்குள் இவ்வளவு துல்லியமாக வேலை செய்கின்றன. இந்தக் கணக்கெடுப்பின் அவசியத்தை 2016 காட்டியது. தொழிற்சாலை பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்த மிராய் என்ற தீநிரல், அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைச் சொல்லும் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர் உள்ளிட்ட தளங்கள் முடங்கின. இருப்பதே மறந்துபோன கருவிக்கு யாரும் பாஸ்வேர்டு மாற்றப் போவதில்லை.

பலவீனம், பெயர் சொல்வதில் தொடங்குகிறது. மேக் முகவரியின் முதல் பாதியை வைத்தே ஸ்கேன் ஆப் தயாரிப்பாளரை ஊகிக்கிறது. ஸ்மார்ட் பிளக்கின் அட்டைப்பெட்டியில் ஒரு பிராண்டு இருக்க, பட்டியலில் உள்ளிருக்கும் சிப்பைச் செய்த எஸ்பிரெஸிஃப் பெயர் நிற்கும். போன்களில் ஊகத்துக்கும் வழியில்லை: 2019இன் ஆண்ட்ராய்டு 10, 2020இன் ஐஓஎஸ் 14 முதல் அவை தாங்களே உருவாக்கிய புனைமுகவரியோடு இணைகின்றன. முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, இ என்றிருந்தால் பெரும்பாலும் அது புனைந்ததே. ‘தெரிந்த முகவரிகளை மட்டும் அனுமதித்தால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. மேக் முகவரி காற்றில் மறைவின்றிப் போகிறது. அதைக் கவனித்து நகலெடுப்பது எளிது. வாசலைக் காப்பது வலுவான பாஸ்வேர்டுதான், பட்டியல் அல்ல.

‘பிள்ளைகள் வீடு திரும்பியதைப் பெற்றோர் அறிவது தவறா?’ என்பது இன்னொரு கேள்வி. அக்கறை நியாயமானது, ஆனால் ரவுட்டர் காண்பது போனைத்தான். சார்ஜ் இறங்கினாலோ, மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ, வீட்டிலிருப்பவரே வெளியே போனவராகக் கணக்காகிவிடுவார். அதைவிடப் பெரிய தீங்கு, பிள்ளையோ மனைவியோ வேலைக்கு வருபவரோ அறியாமல் அவர்களின் வரவு போக்கு நேரத்தோடு பதிவாவது. அவர்களிடம் சொல்லி, அவர்கள் இசைந்தால் மட்டுமே இதற்கு இடமுண்டு.

ஆகவே பட்டியலைப் பொருள்களோடு நிறுத்திக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, அடையாளம் தெரியாதது மிஞ்சினால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றலாம். கேமராக்களைத் தனி கெஸ்ட் நெட்வொர்க்கில் வைக்கலாம். பட்டியலில் இருக்கும் கேமராவும் தீநிரலிடம் சிக்கியிருக்கலாம் என்பது உண்மையே. ஆனாலும் அப்டேட் செய்வதா, கழற்றி எறிவதா என்று முடிவெடுக்க, அது வீட்டில் இருப்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அந்த அளவுக்கு ஸ்கேனை நம்பலாம்.