பின்னணி இல்லாத முகங்கள்

அண்மையில் ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கிய படத்தின் முன் நெடுநேரம் நின்றேன். ஒரு மூதாட்டியின் முகம். இடது கண்ணின் இமைமயிரை எண்ணிவிடலாம், காது கரைந்துவிட்டது. அதற்கப்பால் பச்சையும் பழுப்புமாக ஒரு குழைவு. அவர் இருப்பது வயலிலா, வீட்டுத் திண்ணையிலா, பேருந்து நிலையத்திலா, தெரியவில்லை. பின்னணி கவனத்தைச் சிதறடிக்கவில்லை என்று நடுவர்கள் இதையே பாராட்டியிருந்தார்கள்.

இந்தப் பாராட்டோடு எனக்குப் பல ஆண்டுச் சண்டை.

பின்னணி மங்கும்படி லென்ஸின் துளையை, அதாவது அப்பெர்ச்சரை, அகலத் திறப்பதே தவறு என்று சொல்லவில்லை. கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியைப் பிரித்துக் காட்ட அது வேண்டும். இருண்ட மண்டபத்தில் வெளிச்சம் போதாமல் திறப்பவரையும் குறை சொல்ல மாட்டேன். நல்ல பகலிலும் 1.4 என்ற அகலத் திறப்பை விட்டு இறங்காத பழக்கத்தோடுதான் என் வழக்கு.

முழு ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை 1.4-இல் வைத்து நாலடி தூரத்து முகத்தை ஃபோகஸ் செய்தால், தெளிவு இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குக்கூட வராது. அதே கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், அப்பெர்ச்சர் 8, ஃபோகஸ் ஐந்து மீட்டர் என்று வைத்தால், சுமார் இரண்டரை மீட்டரில் தொடங்கி அடிவானம் வரை எல்லாம் துலங்கும். துலங்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. மின்கம்பி தலையில் குத்துகிறதா, பிளாஸ்டிக் வாளி எங்கே வரும், ஓரத்தில் பாதி ஆள் நிற்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்க வேண்டும். ஓரடி நகர வேண்டும், குனிய வேண்டும், காத்திருக்க வேண்டும். மங்கலாக்கிவிட்டால் இது எதுவும் தேவையில்லை.

மங்கல் பார்வையை வழிநடத்துகிறது என்பார்கள். வெளிச்சமும் வழிநடத்தும், நிற்கும் இடமும் வழிநடத்தும். 1941-இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில் தாய் உள்ளே மகனை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்திடுகிறாள். ஜன்னலுக்கு வெளியே, தொலைவில், சிறுவன் பனியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் இருவரையும் தெளிவாக வைத்தார். சிறுவனை மங்கலாக்கியிருந்தால் அந்தக் காட்சியே இல்லை. புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங்கின் வண்ணப் படங்களில் சட்டகம் முழுக்க ஆட்கள், ஆனாலும் கண் தடுமாறுவதில்லை.

2016-இல் ஐபோன் 7 பிளஸ் ‘போர்ட்ரெய்ட் மோடு’ கொண்டுவந்தது. சிறிய சென்சார் இயல்பாகவே தரும் ஆழத்தை மென்பொருள் கணக்குப் போட்டு அழிக்கிறது. மூக்குக்கண்ணாடி விளிம்பையும் பறக்கும் முடியையும் சேர்த்தே சில சமயம் தின்றுவிடுகிறது. வெளிச்சம் போதாதபோது வேறு வழியின்றி ஏற்ற குறை இன்று விலைகொடுத்து வாங்கும் அழகாகிவிட்டது. அந்த மூதாட்டியை அவர் ஊரிலிருந்து பிடுங்கி, சுருக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் படக்காரர். அவரைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

என் பெற்றோரின் கல்யாணத்தை ஒருவர் யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்தார். மணமக்களுக்குப் பின்னால் பந்தல்கால், அதில் சாய்ந்து வெற்றிலை மடிக்கும் பெரியப்பா, பித்தளை அண்டா, எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், எல்லாம் இருக்கிறது. அம்மா அந்தப் படத்தில் தன்னைப் பார்த்து நான் கண்டதில்லை. பின்னால் நிற்பவர்களைத்தான் ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்வாள்.

என் மகளின் கல்யாண ஆல்பத்தையும் அம்மா அப்படித்தான் மடியில் வைத்துப் புரட்டினாள். தன் தங்கையைத் தேடினாள். பாதிக்கு மேல் புரட்டிய பிறகு, மகளின் தோளுக்குப் பின்னால் தெரிந்த ஒரு மஞ்சள் வட்டத்தில் விரலை வைத்தாள். “இது அவதான்டா. அன்னைக்கு அந்த மாம்பழக் கலர்ப் பட்டுதான் கட்டியிருந்தா.”