ருஷ்யக் கிராமத்து 'நெ': ரசிப்பது எப்படி?

முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களில் ருஷ்ய இலக்கியம் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்நாட்டு விவசாயியின் பசி தெரியும், குளிர் தெரியும். அவன் பேச்சு மட்டும் தெரியாது. மொழிபெயர்ப்பில் முதலில் பலியாவது வட்டார வழக்குதானே!

அந்தப் பேச்சுக்குள் நுழைய எனக்குப் பிடித்த வாசல், சொல்லின் தலையில் ஒட்டிக்கொள்ளும் 'நெ'. 'ந்யெ' என்பதற்குப் பக்கத்தில் ஒலிக்கும். 'இல்லை', 'அல்ல' என்று பாடநூல் பொருள் சொல்லும். அதை நம்பி உட்கார்ந்தால் பாதி ருசி போய்விடும்.

'த்ருக்' என்றால் நண்பன். 'நேத்ருக்' பகைவன், வெறுமனே நண்பனாக இல்லாதவனை அப்படிச் சொல்ல முடியாது. 'ஸ்லூஷத்' என்றால் கேட்பது. 'நேஸ்லுக்' சொல்பேச்சுக் கேட்காத வாண்டு. பசு ஈனுவது 'தெலீத்ஸா'. இன்னும் ஈனாத கிடாரி 'நேத்தெல்'. சேணத்துக்குப் பழகாத குதிரை 'நே-உக்', அதாவது படிக்காத பிள்ளை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 'நேஷித்'. 'ஷித்' என்பது வாழ்வது. நேஷித் உயிரோடு இருப்பதும் இல்லை, செத்ததும் இல்லை. வீட்டில் குடியிருக்கும் தமவோய், காட்டில் வழி மறக்கடிக்கும் லேஷி, ஆற்றுக்குள் கிடக்கும் வத்யனோய் எல்லாம் இந்தக் கூட்டம்தான். மறுப்பதற்காக வந்த முன்னொட்டு இங்கே புதிதாக ஒரு பிறவியையே உண்டாக்கிவிடுகிறது.

இப்போது இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் 'நே'யில் விழும். வினையின் வால் கோடரியால் தறித்ததுபோல் நின்றுவிடும். திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் தோதான நீளம்.

அடுத்து, ஜோடி தேடுங்கள். இன்றைய பொது ருஷ்யத்தில் 'நெவுக்லூஷி' என்றால் அசடுவழியும் உடம்பசைவு உள்ளவன். 'நெகஸிஸ்தி', 'நெவ்ஸ்ராச்னி' இரண்டும் பார்வைக்கு எடுப்பில்லாதவன். 'நெ'வைக் கழற்றினால் நகரத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை; அந்த நேர்ச்சொற்களை அங்கே யாரும் பேசுவதில்லை. வட்டார வழக்கிலோ 'க்லூஷி' என்றால் வாட்டசாட்டமான அழகன். 'கஸிஸ்தி', 'வ்ஸ்ராச்னி' என்றால் கண்ணுக்கு லட்சணமானவன். நகரம் வசவை மட்டும் வைத்துக்கொண்டு பாராட்டைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. வழக்கமாக நகரங்கள் செய்கிற காரியம்தான்.

வானிலைக்கு வந்தால் கூத்து இன்னும் பெரிது. பொது மொழியில் 'பகோதா' வானிலை, 'நெபகோதா' மோசமான வானிலை. தெற்கில் பல இடங்களில் வெறும் பகோதா என்றாலே நல்ல வெயில். வடக்கே அதே சொல்லுக்கு மழை, புயல், பனிச்சூறை என்று பொருள். அங்கே 'நெ' சேர்த்தாலும் கெடுதல், சேர்க்காவிட்டாலும் கெடுதல்! ஆகவே, ஒரு முன்னொட்டை ரசிக்கப் பேசுகிறவரின் ஊரையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'பெஸ்' இன்னொரு முன்னொட்டு. 'இன்றி' என்று பொருள். 'பெஸ்லஷாத்னி' குதிரையற்ற குடியானவன், அதாவது பரம ஏழை. 'பெஸ்ரீப்யே' மீனே அகப்படாத நிலை. அப்போது நண்டினமும் மீன்தான் என்பது அவர்கள் பழமொழி. ஆலையில்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரையாவது நமக்குத் தெரியாததா!

மறுபடி 'நெ'வுக்கு வருவோம். பயமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சாத்தானைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்பானாம். அதனால் அவன் 'நெச்சீஸ்தி', சுத்தமில்லாதவன். வேண்டாத நேரத்தில் வருகிற விருந்தாளியை 'நெல்யோஹ்கயா' கொண்டுவந்துவிட்டது என்பார்கள். 'இலகுவில்லாதவள்' என்று அர்த்தம். யார் அவள் என்று யாரும் விளக்குவதில்லை.

இதையெல்லாம் எங்கே தேடுவது? மருத்துவரும் அகராதிக்காரருமான விளாதிமிர் தால் 1863 முதல் 1866 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட அகராதியில் ஏறக்குறைய 2 லட்சம் சொற்கள் உண்டு. அதில் ஊறித் திளைத்த எழுத்தாளர் சோல்செனித்சின், வழக்கொழிந்த சொற்களை மீட்கவென்றே 1990இல் தனியாக ஓர் அகராதி கொண்டுவந்தார். முழுக்க வட்டாரச் சொற்களுக்கென்று லெனின்கிராதில் 1965இல் வெளிவரத் தொடங்கிய பேரகராதி 50 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. ருஷ்ய எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் அதன் 20, 21ஆம் தொகுதிகளைத் தேடிப் பிடியுங்கள். 'நெ'வில் தொடங்கும் சொற்கள் அங்கேதான் இருக்கின்றன.