நாமும் நாங்களும்: பாண்டியனை மறுபடி படிப்பது

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு மணிலாவிலும் ஒரு டீம் உண்டு. ஒருநாள் கால் முடியும் நேரம், அங்கிருந்தவர் ஆங்கிலத்தில் 'வீ' என்று சொல்லிவிட்டு உடனே சிரித்தார். "நாங்க மட்டும், உங்களைச் சேர்க்கல" என்று விளக்கினார். அவர்களுடைய தகலாக் மொழியில் இந்தக் குழப்பமே வராதாம். கேட்கிறவரையும் சேர்த்தால் 'தாயோ', விட்டுவிட்டால் 'கமி'. அட, நம்ம நாம், நாங்கள்!

அந்தச் சுவாரஸ்யத்தில் பிலிப்பைன்ஸ் உளவியலாளர் விர்ஹிலியோ என்ரிக்கஸைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் படித்து 1971இல் ஊர் திரும்பியவர். தன் மக்களின் மனதை அவர்களுடைய சொற்களைக் கொண்டே ஆராய வேண்டும் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் மையமாக வைத்த சொல் 'கப்வா'. ஆங்கில அகராதியில் 'பிறர்' என்று போட்டிருக்கும். அது தப்பு என்றார் என்ரிக்கஸ். தானும் பிறரும் சேர்ந்தே இருக்கும் சொல் அது. வெளியாளும் கப்வா, நம்மாளும் கப்வா.

இதை மனதில் வைத்துக்கொண்டு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை மறுபடி எடுத்தேன். சிங்கம்புணரிக்காரரான சிங்காரம் 1938இல் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மெடானுக்குப் போனவர். போர் முடிந்தபின் 1946இல் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். நாவல் 1972இல் வெளிவந்தது. அதன் நாயகன் பாண்டியனும் வட்டிக்கடை வேலைக்காகக் கடல் கடந்தவன்தான். ஜப்பானியர் மெடானுக்குள் நுழைவதில் தொடங்கும் கதை அவனை இந்திய தேசிய ராணுவம்வரை இழுத்துப் போகிறது.

இதை ஊர் ஏக்க நாவல் என்று சொல்லி வருகிறோம். எனக்கு அது போதவில்லை. மதுரைத் தெருக்களை நினைக்கும்போது உருகுகிற அதே பாண்டியன், தமிழ்ப் பழம்பெருமை பேச்சு வந்தால் ஈவிரக்கமில்லாமல் கிண்டலடிக்கிறான். முதல் வாசிப்பில் இது முரண்பாடாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. பெருமைப் பேச்சு 'நாங்கள்' போட்டுப் பேசுவது. யாரையாவது வெளியே நிறுத்தினால்தான் அதற்கு உயிர். தெருவின் நினைவுக்கு எதிராளி தேவையில்லை. கடைக்காரரும் வண்டிக்காரரும் அதில் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் அடையாளத்தைக் காப்பாற்ற இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தமிழில் இவ்வளவு கூர்மையாகக் காட்டிய நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

குறையும் இங்கேதான். பாண்டியனின் நினைவுக்குள் நாம் தாராளமாகப் போய்வருகிறோம். ஆனால் மெடானின் உள்ளூர் மக்களுக்கும் இப்படி ஒரு தெரு மனதுக்குள் இருக்குமே என்ற எண்ணம் நாவலில் அதிகம் எழுவதில்லை. அவர்கள் பெரும்பாலும் பின்னணியாகவே நிற்கிறார்கள். 'கப்வா' அந்த அளவுக்கு விரியவில்லை.

சிங்காரத்தைக் குறை சொல்லிவிட்டு என் தெருவைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அம்பத்தூர் பட்டறைகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் லேத் ஓட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அவர்களுக்கு 'வடக்கத்திப் பசங்க' என்று ஒரே பெயர். டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா மகன் 'நம்ம பையன்'. பத்து வருஷமாக எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர் அந்த 'நம்ம'வுக்குள் இன்னும் வரவில்லை.

போன வாரம் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அவர் படிக்கட்டில் உட்கார்ந்து வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒடியா தெரியாது. போன் திரையில் ஒரு தெரு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. யாரோ அவருக்காக நடந்து நடந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். மெடானில் பாண்டியனுக்குப் போன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். "எந்த ஊர்ண்ணே?" என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.