தேறிய கதையும் தீராத கதையும்

சில மாதங்களுக்கு முன்னால் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். அயல்நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றில் கதை எழுதுவதற்கென்றே மேற்பட்டப் படிப்பு இருக்கிறதாம். இரண்டு வருஷம் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் எழுதி, எழுதிய கதைகளையே தீஸிஸாகக் கொடுத்தால் பட்டம் தருகிறார்களாம். "சேரலாமா, ஸார்?" என்று கேட்டார். கல்லூரியை இரண்டு வருஷத்தோடு முடித்துக்கொண்ட என்னிடம் வந்து இதைக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கதை எழுத யாரும் கற்றுக் கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுதுகிறவர்கள் எல்லோரும் வழக்கமாகச் சொல்கிற பதில்தான். அவர் போன பிறகு எனக்கே அதில் திருப்தி ஏற்படவில்லை. ஃப்ளானரி ஓகானர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலைதான் இந்தக் காரியத்தை முதலில் துணிந்து செய்தது. ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பதிலாகக் கவிதையோ கதையோ எழுதிக் கொடுத்தாலும் மேற்பட்டத்துக்கு ஏற்றுக்கொள்வோம் என்று 1922-ல் அறிவித்தார்கள். 1936-ல் அதற்கென்று தனிப் பட்டறையே ஏற்பட்டது. 1941 முதல் அதை நடத்தியவர் பால் எங்கிள் என்ற கவிஞர். அவரே அங்கே கவிதைத் தொகுதி ஒன்றைத் தீஸிஸாகக் கொடுத்து எம்.ஏ. வாங்கியவர். தமிழ் வாசகர்களுக்கு அயோவா அந்நியமான ஊரல்ல. அசோகமித்திரன் 1973-ல் போய் இருந்துவிட்டு வந்து 'ஒற்றன்' எழுதினாரே, அதே ஊர்தான். ஆனால் அவர் போனது பட்டத்துக்காக அல்ல. பல தேசத்து எழுத்தாளர்களைக் கூட்டி வைக்கும் வேறொரு திட்டத்தை எங்கிளும் ஹுவாலிங் நியேயும் 1967-ல் ஆரம்பித்திருந்தார்கள், அதற்காகப் போனார்.

ஓகானர் அயோவாவுக்கு வந்தது 1945-ல், பத்திரிகைத் தொழில் படிக்க. ஜார்ஜியா மாகாணத்துப் பெண், வயது இருபது. எங்கிளின் அறைக்கு வந்து ஏதோ பேசினார். அந்தத் தெற்கத்தி உச்சரிப்பு எங்கிளுக்குப் புரியவே இல்லை. ஒரு காகிதத்தை நீட்டி எழுதிக் காட்டச் சொன்னார். தன் பெயரையும், தான் பத்திரிகைக்காரி அல்ல என்பதையும், பட்டறையில் சேரலாமா என்ற கேள்வியையும் அந்தப் பெண் எழுதிக் காட்டினார். இதைப் பிற்காலத்தில் எங்கிளே சொல்லியிருக்கிறார்.

1947-ல் ஆறு கதைகளைச் சேர்த்து, எங்கிளுக்குச் சமர்ப்பணம் செய்து, தீஸிஸாகக் கொடுத்தார் ஓகானர். பட்டம் கிடைத்தது. ஆறும் ஒரே தரமல்ல. 'வைல்ட் கேட்' கதையில் ஃபாக்னரின் நிழல் பலமாகவே விழுந்திருக்கிறது. 'ரயில்' என்ற கதை பின்னால் திருத்தப்பட்டு, 1952-ல் வெளிவந்த 'வைஸ் பிளட்' நாவலின் முதல் அத்தியாயம் ஆயிற்று. எனக்குப் பிடித்தது 'மகசூல்' என்று நாம் சொல்லக்கூடிய கதை. மிஸ் வில்லர்ட்டன் என்ற அம்மாள் காலைப் பலகாரம் முடிந்ததும் மேஜையில் சிந்திய துணுக்குகளைத் துடைத்துக்கொண்டே, எதைப் பற்றிக் கதை எழுதலாம் என்று யோசிக்கிறாள். வாரத்துக்கு நிலம் உழுகிற ஏழைகளைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அவர்களைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. எழுத ஆரம்பித்து, தானே கதைக்குள் புகுந்து, கதாநாயகனுக்கு மனைவியும் ஆகிவிடுகிறாள்! அப்போது பார்த்து மளிகைக் கடைக்குப் போய்வரச் சொல்கிறார்கள். கடைத்தெருவில் அசல் ஏழைத் தம்பதி எதிரே வர, அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையைப் போட்டுவிட்டு ஐரிஷ்காரர்களைப் பற்றி எழுதப் போகிறாள். எழுத்துப் பயிற்சிக்கான பட்டத்துக்கு இப்படி ஒரு கதையைக் கொடுத்த பெண்ணின் துணிச்சலும் பெரிது, அதை அனுமதித்த வாத்தியாரின் மனசும் பெரிது. இருந்தும் ஓகானர் தம் ஆயுளில் இதை அச்சில் வெளியிடவில்லை.

தீஸிஸுக்குத் தலைப்புக் கொடுத்த முதல் கதை 'ஜெரேனியம்'. 1946-லேயே பத்திரிகையில் வந்தது. தெற்கத்திக் கிழவர் டட்லி, நியூயார்க்கில் மகள் வீட்டில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு ஜன்னலில் தினம் காலையில் எடுத்து வைத்து மாலையில் உள்ளே கொண்டு போகும் ஜெரேனியம் தொட்டி ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. பக்கத்து வீட்டுக்குக் கறுப்பர் ஒருவர் குடி வந்ததே அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிதர் மாடிப்படியில் அவரைத் தாங்கிப் பிடித்து, முதுகைத் தட்டிக் கொடுத்து மேலே கொண்டு வந்து விடுகிறார். அவமானம் தாங்காமல் கிழவர் ஜன்னலண்டை வந்து உட்கார்ந்தால், தொட்டி கீழே சந்தில் விழுந்து உடைந்து, செடி வேர் மேலாகக் கிடக்கிறது.

நல்ல கதைதான். ஆனால் அந்தத் தொட்டி சரியான நேரத்தில் விழுகிறது பாருங்கள், அங்கேதான் மாணவியின் கை தெரிகிறது. வேர் பிடுங்கிய கிழவர், வேர் பிடுங்கிய செடி. வகுப்பில் விளக்கிச் சொல்வதற்குத் தோதான கதை. வாசகன் நினைக்க வேண்டியதை எல்லாம் செடியே நினைத்து முடித்துவிடுகிறது.

இதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமை அடித்துக்கொள்வதற்கில்லை. ஓகானருக்கே தெரிந்திருக்கிறது. நடுவில் ஒருமுறை அதையே வேறு விதமாக எழுதிப் பார்த்தார். 1964-ல், லூபஸ் நோய் முற்றிப் படுக்கையில் கிடந்தபோது, மறுபடியும் எடுத்து எழுதினார். அந்த வருஷம் ஆகஸ்டில், முப்பத்தொன்பதாவது வயதில், காலமானார். மறுவருஷம் அந்தக் கதை 'நியாயத்தீர்ப்பு நாள்' என்ற பெயரில் வெளிவந்தது.

இதில் ஜெரேனியமே கிடையாது. கிழவரின் பெயர் இப்போது டானர். டட்லி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், டானர் புறப்பட்டுவிடுகிறவர். செத்தாலும் சரி, பிழைத்தாலும் சரி, ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முகவரிச் சீட்டைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு கிளம்புகிறார். ஊரை விட்டு ஏன் வந்தார் என்பதும் மாறிவிட்டது. அவர் குடிசை போட்டிருந்த நிலத்தைக் கறுப்பு இனக் கலப்புள்ள டாக்டர் ஒருவர் வாங்கிவிட்டார். அவரிடம் வேலை செய்து பிழைப்பதைவிட மகள் வீடே மேல் என்று வீம்பில் வந்தவர் டானர். இந்த வாழ்வு இப்படித்தான் என்று தெரிந்திருந்தால் அந்த வேலையையே செய்திருக்கலாமே என்று இப்போது மனம் உருகுகிறார். டட்லிக்குத் துக்கம் மட்டும் இருந்தது. டானருக்குத் தன் தவறும் தெரிகிறது. செடிக்குப் பதிலாக வருவது, கோல்மன் என்ற கறுப்பருக்கு அவர் என்றோ மரப்பட்டையில் செதுக்கிக் கொடுத்த மூக்குக் கண்ணாடி. அதற்கு ஒற்றை வரியில் அர்த்தம் சொல்லிவிட என்னால் முடியவில்லை.

எங்கிள் இன்னும் கடுமையாகத் திருத்தியிருந்தால் 1947-லேயே இந்தக் கதை வந்திருக்குமா? வந்திராது. தொட்டியை எடுத்துவிடு என்று வேண்டுமானால் ஓரத்தில் குறித்திருக்கலாம். அந்த இடத்தில் எதை வைப்பது என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பெண் வடக்கே தங்கி எழுதிக்கொண்டிருக்க ஆசைப்பட்டு, 1950 கடைசியில் நோயோடு தாயார் வீட்டுக்குத் திரும்ப நேர்ந்து, அங்கேயே பதின்மூன்று வருஷத்துக்கு மேல் இருந்து எழுத வேண்டியிருந்தது. வாத்தியார் செய்தது வேறு காரியம். குறித்த தேதிக்குள் ஆறு கதைகளை முடிக்க வைத்தார். முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார். முடிந்த கதை ஒன்று கையில் இருந்ததால்தான் அது முடியவில்லை என்று பதினேழு வருஷம் கழித்து அவரால் பார்க்க முடிந்தது. என் டிராயரில் பாதியில் நிற்கும் கதைகள் பல உண்டு. அவற்றில் என்ன தவறு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆகவே இளைஞரிடம் நான் சொன்ன பதில் பாதிதான் சரி. மறுபாதியில், பட்டத்தை வாங்கிக்கொண்டு தொட்டியை அப்படியே ஜன்னலில் விட்டுவிடுகிறவர்களும் இருப்பார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓகானரின் கதைகள் முழுவதும் 1971-ல் ஒரே தொகுதியாக வந்தன. மொத்தம் முப்பத்தொன்று. முதல் கதை 'ஜெரேனியம்'. கடைசிக் கதை 'நியாயத்தீர்ப்பு நாள்'. தீஸிஸ் கதைகள் ஆறும் வரிசையாக முன்னால் இருக்கின்றன. இளைஞரை மறுபடி வரவழைத்து அந்தப் புஸ்தகத்தைக் கொடுத்தேன். முதலில் அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள், பிறகு மிஸ் வில்லர்ட்டனைப் படியுங்கள், அதன் பிறகு விண்ணப்பம் போடுவதைப் பற்றி யோசியுங்கள் என்று சொன்னேன். புஸ்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.