மல்கம் எக்ஸின் சுயசரிதையில் மக்காவுக்குப் பிறகு

நம்மட மேடைகளில் மல்கம் எக்ஸைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஓர் அத்தியாயத்தைத்தான் சொல்லுவாங்க. ஹஜ்ஜுக்குப் போனார், வெள்ளைத் தோலுடைய ஹாஜிகளோடு ஒரே சஹனில் சாப்பிட்டார், வெள்ளையர் எல்லோரும் சாத்தான்கள் என்ற எண்ணத்தை விட்டார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அலெக்ஸ் ஹேலியிடம் அவர் சொல்ல, 1965இல் வெளிவந்த சுயசரிதையை முழுசாக வாசித்தால் இந்தச் சுருக்கம் போதாது என்பது விளங்கும்.

இந்நூலின் பெரிய பலம், அதன் முற்பகுதி திருத்தப்படாமல் இருப்பதே. 1964 மார்ச்சில் எலிஜா முஹம்மதின் 'நேஷன் ஒஃப் இஸ்லாம்' இயக்கத்திலிருந்து விலகிய பின், அவரைப் புகழ்ந்த அத்தியாயங்களை மாற்ற மல்கம் விரும்பினார். ஹேலி வேண்டாமென்றார், கடைசியில் மல்கமும் இணங்கினார். ஹேலியே இதைப் பின்னுரையில் சொல்கிறார். அதனால்தான் தகப்பனை இழந்த வீடு, மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட தாய், ஹார்லெம் தெருக்கள், சிறையில் அகராதியைப் பார்த்தெழுதிய இரவுகள், பிறகு வந்த கண்மூடித்தனமான விசுவாசம் எல்லாம் அன்றைய சூட்டோடேயே இருக்கின்றன. அந்தக் கோபத்தின் வேர் தெரியாத வாசகனுக்கு மக்காவில் நேர்ந்த மாற்றத்தின் பாரமும் தெரியாது.

குறையும் உண்டு. ஹேலி இன ஒருங்கிணைப்பை ஆதரித்தவர். மல்கத்தின் இறுதிக்கால அரசியல் வேலைகள் நூலில் மிகவும் சுருங்கிப்போயின. 2011இல் தம் ஆய்வு நூலை வெளியிட்ட மானிங் மரபிள் இதை எடுத்துக்காட்டினார். ஹஜ் நடந்தது 1964 ஏப்ரலில். மல்கம் கொல்லப்பட்டது 1965 பெப்ரவரி 21இல். இடையில் பத்து மாதம். ஜூனில் ஆபிரிக்க அமெரிக்க ஐக்கிய அமைப்பைத் தொடங்கினார். ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆபிரிக்கத் தலைவர்களிடம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் வழக்கை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோகும்படி கேட்டார். பெப்ரவரி 4இல், மார்ட்டின் லூதர் கிங் சிறையில் இருந்த நேரம், வாக்குரிமைப் போராட்டம் நடந்த செல்மாவுக்குப் போய்ப் பேசினார். அல்ஹாஜ் மாலிக் அல்-ஷபாஸாகத் திரும்பியவர் போராட்டத்தைச் சுருட்டி வைக்கவில்லை. தோலைப் பார்த்து ஓர் ஆளை எடைபோடுவதை விட்டார். கறுப்பரை ஒடுக்கும் அமைப்பை எதிர்ப்பதை விடவேயில்லை.

மக்கா அத்தியாயத்திலும் அவர் கண்ணைத் திறந்தபடிதான் இருந்தார். ஒரே நிறத்தார் ஹஜ்ஜிலும் தாமாகவே ஒன்றுசேர்ந்து நின்றதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். நாமோ அந்த அத்தியாயத்தை மட்டும் பிய்த்தெடுத்து, 'எங்களிடம் பேதமில்லை' என்று நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் நற்சான்றாக ஆக்கிவிட்டோம். இது அவருக்கும் நியாயமில்லை, அவருடைய மக்கள் நடத்திய போராட்டத்துக்கும் நியாயமில்லை.

இந்நூலைக் கேட்டு வரும் உயர்தர மாணவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள், ஹேலியின் பின்னுரை வரைக்கும் வாசியுங்கள், பிறகு அந்தப் பத்து மாதத்தைப் பற்றி வேறு நூல்களிலும் தேடுங்கள்.